இலண்டன் பெருந்தீ, 1666: இழப்பைச் சுமந்தவர் யார்?

இலண்டன் மாநகரின் புட்டிங் லேன் தெருவில், ரொட்டிக் கூடமொன்றில் 1666 செப்டம்பர் 2ஆம் நாள் விடியுமுன் பற்றிய தீ, நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் அழித்தது. பதிவான உயிரிழப்பு மிகக் குறைவு. வீடிழந்தோரோ 70,000க்கு மேல் என மதிப்பிடப்படுகின்றனர். இவ்விழப்பு மக்களிடையே எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது பொருளியல் மாணவர்கள் ஆராயத்தக்கதாகும்.

தீ எரிந்துகொண்டிருந்தபோதே வேறுபாடு வெளிப்பட்டது. சில ஷில்லிங்குகளாக இருந்த வண்டிக் கூலி 40 பவுன் வரை உயர்ந்ததாகக் கூறுவர். பொருள் படைத்தோர் உடைமைகளை மீட்டனர். ஏனையோர் தோளில் சுமக்க முடிந்ததைக் கொண்டு மூர்ஃபீல்ட்ஸ் திடலை அடைந்தனர். அண்டை ஊர்கள் இவர்களை ஏற்று, தொழில் செய்யவும் இடமளிக்க வேண்டுமென மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆணையிட்டார். நாடு முழுவதும் திரட்டப்பட்ட கொடை 13,000 பவுனைக்கூட எட்டவில்லை; தலைக்கு நான்கு ஷில்லிங்கிற்கும் குறைவு!

எனினும் பெருஞ்சுமை சட்டத்தின் வழியே வந்தது. நகரமக்களில் பெரும்பாலோர் குத்தகைக்குக் குடியிருந்தவர்கள். ஒப்பந்தப்படி, வீடு எரிந்த பின்னும் வாடகை செலுத்துவதும், பல நேர்வுகளில் வீட்டை மீண்டும் கட்டித் தருவதும் குடியிருப்பவர் பொறுப்பு. தீக் காப்பீடோ அந்நகரில் 1680 வாக்கில்தான் தோன்றியது. எனவே நாடாளுமன்றம் 1667இல் தீ வழக்கு மன்றத்தை ஏற்படுத்தியது. நீதிபதிகள் ஒப்பந்தச் சொற்களைக் கடந்து, கட்டும் வசதி யாருக்குண்டு என ஆராய்ந்தனர். கட்ட முன்வந்தவர்க்கு வாடகையைக் குறைத்துக் குத்தகைக் காலத்தை நீட்டினர். அக்காலத்தில் இது துணிவான நிர்வாக ஏற்பாடே. ஆயின் அதன் பயன் குத்தகைப் பத்திரம் உடையோரைச் சார்ந்தது. ஒற்றை அறையில் ஒண்டுக்குடியிருந்த கூலியாளுக்கு மன்றத்தில் முன்வைக்க எதுவுமில்லை.

அவரும் வரி செலுத்தினார். தெருக்களை அகலப்படுத்தவும் பொதுக் கட்டடங்கள் எழுப்பவும் நகருக்கு வரும் நிலக்கரி மீது டன்னுக்கு ஒரு ஷில்லிங் வரி விதிக்கப்பட்டு, 1670இல் மூன்றாக உயர்த்தப்பட்டது. குளிர்நாட்டில் ஏழையின் அடுப்புக்கும் நிலக்கரி வேண்டும். இம்மறைமுக வரியின் பளு யார்மேல் மிகுதியாக விழுந்திருக்கும் என்பது வெளிப்படை.

புதிய வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டுமெனச் சட்டம் வகுத்தது. பாதுகாப்பு கூடியது, கட்டும் செலவும் கூடியது. புறநகரில் குடியேறியோர் பலர் திரும்பவில்லை. 1670களின் தொடக்கத்தில் மதிலுக்குள் புதிய வீடுகள் பல ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. மதிலுக்கு வெளியே, தீ தொடாத பழைய மர வீடுகளில், நெரிசல் நீடித்தது.