பாம்பு இல்லாமல் பாம்பு விஷம்: ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பாடம்



குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நம் பகுதியில் வயல் வேலையும் தொடங்கிவிடும். இரவில் பம்புசெட்டுக்குப் போகிறவர்களும் புல் அறுக்கிற பெண்களும் பாம்புக்கடிக்கு ஆளாகும் காலமும் இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் நம் அறக்கட்டளையில் உதவி கேட்டு வந்தது. காலில் கடிபட்டவருக்கு முதலில் ஓதிப் பார்த்து, பிறகு பச்சிலை கட்டி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழுதாகிப் பல வாரம் டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 இலட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம். பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள்.

மருந்து எப்படி வருகிறது?

விஷமுறிவு மருந்தைத் தயாரிக்க முதலில் விஷம் வேண்டும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் தேவையில் பெரும்பகுதியைத் தருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறு சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். 1890களில் கண்டறிந்த முறையே இன்றும் அடிப்படை.

இதில் இரண்டு குறைகள் உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷமும் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. மேலும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள, மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அதன் கடிக்கு இந்த மருந்து சரியாகக் கேட்பதில்லை.

ஆர்கனாய்டு என்றால் என்ன?

நம் உடலின் பல உறுப்புகளில் மூலச்செல்கள் உள்ளன. தேய்ந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை உண்டாக்குபவை இவையே. 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் குடலின் மூலச்செல்லை ஒருவகைக் கூழில் வைத்து ஊட்டம் கொடுத்தபோது, அது குடலின் அமைப்பையே கொண்ட சிறு உருண்டையாக வளர்ந்தது. இதற்கு ஆர்கனாய்டு, அதாவது சிற்றுறுப்பு என்று பெயர். இது முழு உறுப்பு அல்ல. ஆனால் நோய் எப்படிப் பரவுகிறது, மருந்து வேலை செய்கிறதா என்பதை மனிதனையோ விலங்கையோ வருத்தாமல் இதில் சோதிக்கலாம். நாய், பூனை, மாடு இவற்றின் குடலிலிருந்தும் வளர்த்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவத்துக்கும் அது பயன்.

அதே குழுவினர் 2020இல் பாம்பின் விஷச் சுரப்பியை வளர்த்தார்கள். பாம்பு குளிர் இரத்தப் பிராணி என்பதால், மனிதச் செல்லுக்கு ஏற்ற 37 டிகிரிக்குப் பதில் 32 டிகிரியில் வைத்தார்கள். ஒன்பது வகைப் பாம்புகளின் சுரப்பிகள் வளர்ந்து, உண்மையான விஷத்தையே சுரந்தன. பிடிப்பதற்கு அரிதான பாம்பின் விஷத்தையும் இப்படிப் பெற்று ஆராய வழி பிறந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2023இல் புதிய மருந்துகள் விதிகள் திருத்தப்பட்டு, விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய முறைகளுக்கு இடம் தரப்பட்டது.

ஆயினும் சிற்றுறுப்பு விஷத்திலிருந்து தயாரித்த மருந்து இன்னும் நம் மருத்துவமனைக்கு வரவில்லை. இன்று உயிர் காப்பது குதிரையிலிருந்து வரும் மருந்துதான்.

நமக்கான பாடம்

எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அதைத் தேடுவது மனிதன் கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் அவர்களே. வாயில்லாப் பிராணிகளிடம் இரக்கம் காட்டுவதும் நம் மார்க்கம். அதைக் குறைவாக வருத்தும் ஆய்வை நாம் வரவேற்க வேண்டும். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆம்புலன்சில் போய்க்கொண்டே ஓதலாம்.

கடிபட்டால்:

1. கடித்த இடத்தை அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள்.
2. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, உடனே 108ஐ அழையுங்கள்.
3. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கண்ணாடிச் சோதனைக்குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் வைத்து, அது உறைகிறதா என்று பார்த்தே மருத்துவர் பலவற்றை அறிந்துகொள்வார்.
4. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.
5. ஆடு மாட்டைக் கடித்தால் கால்நடை மருத்துவ உதவிக்கு 1962.

இரவில் வயலுக்குப் போகிறவர் கையில் டார்ச்சும் காலில் பூட்சும் இருக்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் இதைப் பத்துப் பேரிடம் சொல்லுங்கள். வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக, ஆமீன்.

— செயலாளர்