விரலும் செவியும் விழிகளாக

ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தம்ளர் நிரம்பியது எப்படித் தெரியும்? கையிலிருப்பது நூறு ரூபாய் நோட்டா, ஐந்நூறு ரூபாய் நோட்டா? எடுத்த டப்பாவில் இருப்பது உப்பா, சர்க்கரையா? நமக்கு ஒரு நொடியில் முடிகிற இவ்வேலைகள் பார்வையற்றோர்க்கு நாள்தோறும் எழும் கேள்விகள். எங்கள் அம்மாச்சிக்குச் சென்ற ஆண்டு கண் அழுத்த நோயால் பார்வை முற்றிலும் போய்விட்டது. அவர்களுக்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பதினைந்து வயதுச் சிறுவன்

பிரான்சு நாட்டில் பாரிசு நகருக்கு அருகிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். அவர் தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய ஊசி ஒன்று கண்ணில் குத்திவிட்டது. நோய் மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளி இழந்தன. பத்தாம் வயதில் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார்.

அப்பள்ளியில் நூல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நாம் கண்ணால் படிக்கும் அதே எழுத்துக்களையே தாளில் புடைப்பாக அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவிப் படிக்க நெடுநேரம் ஆயிற்று. மாணவர் தாமே எழுதவோ எளிய வழியில்லை. பார்வையுள்ளோர் தம் கண்ணுக்கு ஏற்றதையே பிறர் விரலுக்கும் கொடுத்துவிட்டனர்! சார்ல் பார்பியே என்னும் படை அதிகாரி புள்ளிகளாலான வேறொரு முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்ததால் அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அந்த ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம். எழுத்து, எண், இசைக்குறி யாவும் அவற்றில் அடங்கும். 1824-இல் இம்முறை உருவானபோது அவருக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நம் வயது!

1852-இல் பிரெயில் மறைந்தார். பிரான்சு நாடு அவருடைய முறையை முறைப்படி ஏற்றதோ 1854-இல்தான். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழையும் இன்று அந்த ஆறு புள்ளிகளிலேயே எழுதுகிறோம்.

வழி காட்டும் கோல்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் விபத்தில் பார்வை இழந்தார். வண்டி ஓட்டுவோர் கண்ணில் பட வேண்டுமென்று 1921-இல் தம் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். வெள்ளைக் கோலின் வரலாற்றில் இது ஒரு தொடக்கம். ஆனால் கோல் தரையிலுள்ள கல்லையும் பள்ளத்தையுமே காட்டும். தாழ்ந்து தொங்கும் மரக்கிளையைக் காட்டாது. இக்குறையைப் போக்க தில்லி ஐ.ஐ.டி.யில் உருவான ‘ஸ்மார்ட் கேன்’ 2014-இல் வெளிவந்தது. வௌவாலைப் போல இக்கருவி நம் செவிக்கு எட்டாத ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை அறிகிறது. உடனே கைப்பிடி அதிர்ந்து எச்சரிக்கும்.

பணமும் படிப்பும்

நம் நூறு ரூபாய் நோட்டில் புடைப்பான முக்கோணமும், ஐந்நூறு ரூபாய் நோட்டில் வட்டமும் உள்ளன. ஓரங்களில் முறையே நான்கு கோடுகளும் ஐந்து கோடுகளும் உண்டு. நோட்டு தேய்ந்தால் இவை மழுங்கிவிடும். அப்போது உதவுவதற்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி முதல் நாள் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டை அதன்முன் காட்டினால் மதிப்பைச் சொல்லும்.

கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்களும் உண்டு. அவற்றுள் ‘என்.வி.டி.ஏ.’ என்பதை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவருடன் இணைந்து உழைத்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்றோர். தம்மைப் போன்றோர் பணமின்றித் தவிக்கக் கூடாதென்று அதனை இலவசமாகவே வழங்கினர். என்னே அவர்தம் உள்ளம்!

அம்மாச்சி கற்பித்த பாடம்

பார்வை போனதும் அம்மாச்சியை நாங்கள் அடுப்படிப் பக்கமே விடவில்லை. “நீங்க உக்காருங்க அம்மாச்சி, நாங்க பாத்துக்கிறோம்” என்போம். அன்பினால்தான் சொன்னோம். ஆனால் நாளுக்கு நாள் அவர்கள் பேச்சுக் குறைந்தது. “மூலையில வச்ச மூட்டை மாதிரி இருக்கேன்” என்று ஒருநாள் சொன்னார்கள்.

பின்னர் அவர்கள் மெல்ல மெல்ல அடுப்படிக்கு வரத் தொடங்கினார்கள். நானும் உதவ எண்ணி, டப்பாக்களைத் துடைத்து, பெரியது சிறியது பார்த்து அழகாக அடுக்கி வைத்தேன். அன்று காப்பியில் உப்பு விழுந்தது. நாங்கள் சிரித்தோம், அம்மாச்சி சிரிக்கவில்லை. “ஏம்மா, நான் வச்ச எடத்தை மாத்திட்டியே!” என்றார்கள். பாரிசுப் பள்ளியில் நடந்த தவறையே நானும் செய்திருந்தேன். என் கண்ணுக்கு அழகானது அவர்கள் கைக்கு உதவவில்லை.

அம்மாச்சியே வழியும் சொன்னார்கள். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரைக்கு இரண்டு, காப்பித் தூளுக்கு மூன்று. மாமா ஒரு சிறு கருவி வாங்கித் தந்தார். அதைத் தம்ளரின் விளிம்பில் மாட்டினால் இரு கம்பி முனைகள் உள்ளே தொங்கும். காப்பி அம்முனைகளைத் தொட்டதும் மின்சுற்று நிறைவுற்று ஒலி எழும். நாம் பாடத்தில் படிக்கும் அதே மின்சுற்றுதான்!

நம் கடமை

தோழியரே! பார்வையற்றோரின் வேலையை நாமே செய்து முடிப்பது எளிது. அவர்கள் தாமே செய்ய வழிவிடுவதே உண்மையான உதவி. சாலையில் கண்டால் கையையோ கோலையோ பிடித்து இழுக்காமல், “உதவட்டுமா?” என்று முதலில் கேட்போம். அவர்கள் வைத்த பொருளை வைத்த இடத்திலேயே விடுவோம். எது தேவை என்பதை அவர்களிடமே கேட்டறிவோம். இன்று காலை நான் குடித்துவிட்டு வந்த காப்பி அம்மாச்சி போட்டது. அதில் சர்க்கரை சரியாகவே இருந்தது!

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு