பழைய கணினியில் தமிழெழுத்து

அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தே யாம் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பாடக்குறிப்புகளை அண்மையில் வேறொரு கணினியில் திறந்தபோது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களே தோன்றின. உழைப்பெல்லாம் அழிந்ததென அஞ்சினோம். அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு; அதனை நிறுவியதும் தமிழ் மீண்டது.

விண்டோஸ் எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழின் கொம்பு, எழுத்துக்குப் பின்னே நிற்குமாயின் நோய் வேறு. கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழிப் பகுதியிலே, சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய கோப்புகளை நிறுவுதல் வேண்டும். மூல இறுவட்டும் தேவைப்படலாம். அவ்வியங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தப்பட்டமையால், அக்கணினியை இணையத்தோடு இணையாதிருத்தல் நன்று.

ஆதலின் பழைய மாணவரே, இளைய மாணவரே, நோய் இன்னதென்று அறியுமுன் கோப்பினை அழித்துவிடாதீர்; பிரதியெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றிப் பேணுவீராக.