பினாங்கில் ஆளுக்கொரு அரைநாள்

அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் குடியிருப்பவர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் குறிக்கும்போது, காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஏரியைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிவிட்டால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறிவிடும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்கள் மனசு இங்கேதான் கிடக்கும். 2015 டிசம்பர் மழையையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, பயணம் என்றால் பொங்கல் கழித்துத்தான் என்று நானும் என் கணவரும் முடிவு செய்துகொண்டோம். தை, மாசியில் இங்கே மழைப் பயம் இல்லை. பினாங்கிலும் மழை குறைந்த பருவம் அதுதான். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் அங்கே அறை கிடைப்பது கஷ்டம். பூசம் பார்க்கவே போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்துவிட வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அவர் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் வேலை பார்த்தவர். எனக்குக் கோயில், கல்வெட்டு, கடைத்தெரு. அவருக்கு இயந்திரம் என்று எது இருந்தாலும் அதன் முன்னால் நின்றாக வேண்டும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஊர் சுற்றினால், யாராவது ஒருவர் எப்போதும் மற்றவருக்காகக் காத்துக்கொண்டிருக்க நேரும். அதனால்தான் ஆளுக்கொரு அரைநாள் என்ற ஏற்பாட்டுக்கு வந்தோம். கல்யாணமாகிப் பல வருஷமான தம்பதிகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

நாலைந்து நாளில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றையும் காட்டிவிடும் பேக்கேஜ்கள் இருக்கின்றன. தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கும், எங்கு போனாலும் நம் சாப்பாடுதான் வேண்டும் என்பவர்களுக்கும் அவை உதவியாக இருக்கும். ஆனால் கணவன், மனைவி இருவர் மட்டும் போகும்போது ஒரே ஊரில் தங்குவதுதான் சுகம் என்று உறுதியாக நினைக்கிறேன். இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் முகம் பழகிவிடுகிறது. மூன்றாம் நாள் வழி கேட்காமல் நடக்க முடிகிறது. பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை.

பினாங்கைத் தேர்ந்தெடுக்க நடைமுறைக் காரணங்களும் உண்டு. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. சுமார் நாலு மணி நேரப் பயணம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. இந்த விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் சாலிகிராமம் அல்லது அமைந்தகரை சேவா மையத்துக்குப் போகிறோம். 2022 ஜனவரியில் ஆவடி தனிக் காவல் ஆணையரகம் ஆனதிலிருந்து அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் அதன் கீழ்தான். போலீஸ் விசாரணையும் அங்கிருந்துதான் வரும். இதெல்லாம் சுலபமாக நடந்துவிடும். சிக்கல் வருவது பெயரில். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முழுதாக வந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான், எழுத்துக்கு எழுத்து, பெயர் இருக்க வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட்டில் என்ன போடுவது என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. போன் போட்டுக் கேட்டுவிடுவதே நல்லது. துபாய் போக நினைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் விதி கொண்டுவந்தது. புதிதாக பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டத்தையும் நிரப்பியே எடுத்துக் கொடுங்கள்.

விமான நிலையத்துக்குப் பகல் விமானம் என்றால் திருமங்கலம் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம். பெட்டி இரண்டுக்கு மேல் இல்லையென்றால் இதைவிட நிம்மதியான வழி இல்லை. ஆவடிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் அங்கே மெட்ரோ ஏறலாம். நள்ளிரவு விமானத்துக்கு மெட்ரோ இருக்காது; கார்தான். பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர், அனகாபுத்தூர், பல்லாவரம் வழி இரவில் சரியாக இருக்கும். புறப்படுமுன் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் நாட்களைச் சொல்லிவிடுவோம். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கும்.

மூட்டை விஷயத்தில் ஒரு சமையலறை எச்சரிக்கை. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் விடமாட்டார்கள்; எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. கசகசா சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் தடை செய்யப்பட்டது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மாக்கள் குருமாப் பொடியில் அரைத்தது சேர்ந்திருந்தால்கூட எடுத்துப்போக வேண்டாம். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் போகாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாத்திரைகள் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அரைநாள் கணக்குக்கு வருகிறேன். காலைச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்து முடிப்போம். பிறகு அவரவர் வழி. சாயங்காலம் குயின் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் சந்திப்பு. இடமும் நேரமும் காலையிலேயே முடிவாகிவிட வேண்டும். போன் வேலை செய்யாவிட்டாலும் வந்து சேர்ந்துவிடலாம். இருவர் போனிலும் தனித்தனியாக நெட் இருக்க வேண்டும், இருவர் கையிலும் தனித்தனியாகக் கார்டும் கொஞ்சம் ரிங்கிட்டும் இருக்க வேண்டும். பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கணவர் பர்ஸையும் கணவர் போனையும் நம்பி வெளிநாட்டில் நடப்பது பாதுகாப்பு அல்ல. அவருக்கு ஒன்று என்றால் உடனே செயல்பட வேண்டியவர் நீங்கள்தான்.

நான் ஜார்ஜ் டவுனில் நடந்தேன். 1786-ல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாரியம்மன் கோயில் 1833-ல் எழுந்தது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்திலேயே, தமிழகத்திலிருந்து வந்த வணிகர் தலைவர் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. சூலியா தெருப் பக்கம் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. நாகூரை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள், வந்த இடத்திலும் அந்தப் பெயரை வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். வகுப்பில் புலம்பெயர்ந்தோர் பாடம் நடத்தியபோது இந்தத் தெருவைப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக நடத்தியிருப்பேன் என்று தோன்றியது.

அவர் போனது பினாங்கு மலை ரயிலுக்கு. 1923-ல் ஓடத் தொடங்கியது. முன்பெல்லாம் பாதி மலையில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டுமாம். 2011-ல் புது ரயில் வந்தபின் அடிவாரத்தில் ஏறினால் நேரே உச்சிதான். ஒரு பெட்டி ஏற, இன்னொன்று இறங்க, இரண்டையும் ஒரே கம்பிவடம் இழுக்கிறது. நடுவில் மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று கடக்கும். “பழனி விஞ்ச்சேதான். ஆனா மோட்டார் ரூமைப் பார்க்கவிட மாட்டேங்கறாங்கம்மா” என்று சாயங்காலம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கூடப் போயிருந்தால் மேலே தோட்டத்தைப் பார்க்க இழுத்திருப்பேன். அவர் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறார்.

மறுநாள் அர்மீனியன் தெருவுக்குச் சேர்ந்தே போனோம். லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-ல் அங்கே ஒரு சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளை வரைந்தார். குழந்தைகள் ஓவியம்; சைக்கிள் நிஜம், சுவரோடு பொருத்தியது. எல்லாரும் குழந்தைகளோடு சேர்ந்து போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். இவர் குனிந்து ஃபிரேமின் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் நின்ற ரிக்‌ஷா ஒன்று அவரை இன்னும் நேரம் பிடித்து வைத்தது. நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில் மிதிப்பவர் முன்னால், சவாரி பின்னால். அங்கே தலைகீழ்: சவாரி முன்னால் உட்கார, ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிக்கிறார். முன் இரண்டு சக்கரமும் இருக்கையோடு சேர்ந்தே திரும்புகின்றன. ஓட்டுநர் ஒரு பெரியவர். இவர் கேட்கக் கேட்க, பிரேக் கம்பியை இழுத்துக் காட்டி, செயினை எங்கே இறுக்குவது என்று சைகையிலேயே சொன்னார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. அந்தப் பேச்சு முடியும் வரை நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன்; கொஞ்சமும் அலுக்கவில்லை. முதல்நாள் எனக்கு என் அரைநாள் கிடைத்துவிட்டிருந்ததே.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். அதற்கு வெளியே, காய்கறிதான் என்று சொல்லித் தரும் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் டீக்கடையில் “தே ஓ கோசோங்” என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். அங்கே டீயில் கன்டென்ஸ்டு மில்க் ஊற்றுவது வழக்கம், சொல்லாவிட்டால் இனிப்பு தூக்கலாக இருக்கும். பசி வருமுன் சாப்பிட்டுவிடுங்கள். தம்பதிகளுக்குள் வெளியூரில் வரும் சண்டையில் பெரும்பகுதி பசியிலும் கால்வலியிலும் வருவதுதான்.

கார்டு மெஷினில் ரூபாயா, ரிங்கிட்டா என்று கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போய்விடும். இங்கேயே டூர் பேக்கேஜ் வாங்குகிறவர்களிடம் டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவாகும். ஆகவே இருவரில் யார் கணக்குத் தாக்கல் செய்கிறாரோ அவர் பான் எண்ணில் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

ஒருநாள் முழுவதையும் கடாரத்துக்கு ஒதுக்கினோம். பினாங்குக்கு எதிர்க்கரையில், கெடா மாநிலத்தில் மெர்போக் என்ற ஊர்ப்பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு. வாடகைக் கார் வைத்துக்கொண்டு போய்வரலாம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பிய கடாரம் இந்தப் பகுதிதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஜெராய் மலை அடிவாரத்தில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தைக் கல் கல்லாகச் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் அருவி ஓடை ஓடுகிறது. கருவறை மேடை, அதற்கு முன்னால் மண்டப மேடை, மேடையில் வரிசையாகத் தூண் நின்ற கல் பீடங்கள். தூண்கள் மரத்தால் ஆனவை, மட்கிப்போயின. கூரையும் போய்விட்டது. நம் ஊர்க் கோயில் ஒன்றின் தரைப்படம் கல்லில் கிடப்பது போல் இருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் அந்த மாவட்டத்திலேயே சுங்கை பத்து என்ற இடத்தில் அகழாய்வில் கிடைத்த இரும்பு உலைகளைப் பற்றி அருங்காட்சியகத்தில் கேட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் எங்களுக்கு அரைநாளைப் பிரித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை.

சோழருக்கும் கடாரத்துக்கும் முதலில் இருந்தது நட்பு. ராஜேந்திரன் படையெடுப்பதற்கு முன்பே, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையாகக் கொடுத்தான். திரும்பி வரும்போது இதைச் சொன்னேன். “அப்ப அடுத்தது நாகப்பட்டினம் போவோமா?” என்றார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாகையில் விகாரம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கப்பலேறி யாழ்ப்பாணம் போகலாம் என்று இருக்கிறோம். வழக்கம் போலப் பொங்கல் கழித்துத்தான். நல்லூர்க் கோயிலும் யாழ் நூலகமும் என் அரைநாளில். கப்பலின் இன்ஜின் அறையைப் பார்க்கவிடுவார்களா என்று அவர் இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.