அருவருப்பின்மை என்னும் அங்கம்

ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். முனிவர்க்குப் பக்தியோடு அளிப்பது பாத்திர தானம். துன்புற்ற எவ்வுயிர்க்கும் இரங்கி அளிப்பது கருணா தானம். முன்னதற்குரிய முறைகளை நாம் கவனமாகக் கற்றிருக்கிறோம். எதிர்கொண்டு அழைத்தல், உயர்ந்த இருக்கை தருதல், பாதம் கழுவுதல் முதலிய ஒன்பது உபசாரங்களையும் பிழையின்றிச் செய்கிறோம். பின்னதற்கும் ஒரு முறை உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. மிஞ்சியது இருந்தால் கொடுக்கிறோம், அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த கடையொன்றின் படியில் முதியவர் ஒருவர் வந்து தங்கினார். காலில் ஆறாத புண். உடலில் அழுக்கேறிய போர்வை. தலைமாட்டில் ஒரு மூட்டை. ஒரு நாள் ஜினாலயத்தில் அபிஷேகம் முடிந்து திரும்புகையில், கையிலிருந்த உணவுப் பொட்டலத்தை அவர் அருகே தரையில் வைத்துவிட்டு விலகி நடந்தேன். "ஐயா, கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேனே" என்றார். குரலில் கோபம் இல்லை. வீட்டிற்கு வந்து, தானம் செய்தேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அச்சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகித்ஸை, அதாவது அருவருப்பின்மை. இதற்கு எடுத்துக்காட்டாக ஸமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உத்தாயன மன்னனைக் குறிக்கிறார். உரைகாரர் கூறும் கதையை நாம் கேட்டிருக்கிறோம். நோயுற்ற முனிவர் வடிவில் தேவன் ஒருவன் வந்து உணவேற்று, அதனை அரசன்மீதே வாந்தி எடுக்கிறான். நாற்றம் தாளாது ஏவலர் ஓடிவிடுகின்றனர். அரசனும் அரசி பிரபாவதியும் நின்று கழுவித் துடைக்கின்றனர். இக்கதையில் என் உள்ளத்தைத் தொடுவது அத்தொண்டு மட்டுமன்று. உடலுக்கு ஒவ்வாத உணவைத் தந்துவிட்டேனே என்று அரசன் தன்னையே நொந்துகொள்கிறான். வந்தவர்மேல் குறை காணவில்லை.

அது முனிவரின் திருமேனிக்கு உரைத்தது, தெருவில் கிடப்பவனுக்குப் பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்த்யுபாயத்தில் இவ்வங்கத்தை விளக்குமிடத்து, பசி, தாகம், குளிர், வெப்பம் முதலிய நிலைகளிலும், மலம் முதலிய பொருள்களிலும் வெறுப்புக் கொள்ளலாகாது என்கிறார். பசியும் குளிரும் வீடற்றவனிடம் அன்றி வேறு யாரிடம் இவ்வளவு வெளிப்படக் காணப்படும்?

இன்னொரு தடையும் நம்மவரிடையே உண்டு. "அவன் ஊனுண்பவன், குடிப்பவன்; அவனுக்குத் தரலாமா?" என்பர். பாத்திரம் ஆராய்வது பாத்திர தானத்திற்கு உரியது. கருணா தானத்திற்குத் துன்பம் ஒன்றே தகுதி. புலால் விட்டால்தான் சோறு என்று நிபந்தனை வைப்பது அகிம்சையைப் பரப்புவதாகாது. பசியை விலை பேசுவதாகும். இரவில் உண்ணாமையும் நாம் ஏற்ற விரதமே தவிர, பசித்தவர் ஏற்ற விரதம் அன்று. ஆயினும் பொழுது சாயுமுன் கொடுத்துவிட்டால் இரு பக்கமும் இடரில்லை.

கொடுக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முதலில் வணக்கம் சொல்லி, நம் பெயரைக் கூறி, அவர் பெயரைக் கேட்க வேண்டும். உறங்குபவரைத் தட்டி எழுப்பலாகாது. என்ன வேண்டும் என்று கேட்டபின் கொடுக்க வேண்டும். பல் இல்லாதவருக்கு முறுக்கும், நீரிழிவுடையவருக்கு லட்டும் கொடுப்பது நம் மனநிறைவுக்கே பயன்படும். பல நாள் உண்ணாதவருக்குக் கஞ்சி முதலிய எளிய உணவைச் சிறிது சிறிதாகத் தருவதே நன்று. தம் மூட்டையில் அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, மறைந்தவர் புகைப்படம் என எதனை வைத்திருப்பாரோ நாம் அறியோம். குப்பை என்று கருதி அதனை அகற்றலாகாது. கொடுப்பதைப் படம் பிடித்து இதழுக்கு அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். (நம் இதழுக்கும் அத்தகைய படங்கள் வருகின்றன!)

அவர் ஏன் இந்நிலைக்கு வந்தார் என்று தெருவறியக் கேட்பது தகாது. பிறர் குறையை மறைக்கும் உபகூஹனமும் எட்டு அங்கங்களுள் ஒன்றன்றோ? தாமே சொன்னால் கேட்கலாம். கேட்டதைத் திண்ணையில் பேசலாகாது.

மயங்கிக் கிடப்பவருக்கு 108ஐ அழைக்க வேண்டும். கைவிடப்பட்ட முதியோர்க்கு 14567, சிறார்க்கு 1098 ஆகிய எண்கள் உள்ளன. மனநோயால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல்துறையின் கடமை, காவலறையில் அடைக்கலாகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. சென்னை போன்ற பெருநகரங்களில் வீடற்றோருக்கு மாநகராட்சிக் காப்பகங்கள் உண்டு. அவற்றை நாம் முதலில் நேரிற் கண்டுவந்து, பின்பு அவரிடம் சொல்ல வேண்டும். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தலாகாது. திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பள்ளிச்சந்தலில் சமணர் 'அஞ்சினான் புகலிடம்' வைத்திருந்த செய்தியை மயிலை சீனி. வேங்கடசாமி தம் 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டுகிறார். அஞ்சி வந்தவருக்கே அது புகலிடம். அஞ்சும்படி இழுத்துச் செல்லப்படும் இடமன்று.

மறுநாள் என் துணைவியார் தட்டில் இட்லி வைத்து அவர் கையில் கொடுத்து, "பெரியவரே, வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார். காசோ துணியோ கேட்பார் என்று எண்ணினோம். "முடி வெட்டிக்கொள்ள வேண்டும் அம்மா. தனியே போனால் கடைக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். ஐயா கூட வந்தால் விடுவார்கள்" என்றார். உடன் சென்று, அவர் முறை வரும்வரை அருகில் அமர்ந்திருந்தேன். அங்கிருந்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டோம். சீட்டில் எழுத அங்கிருந்தவர் பெயர் கேட்டபோதுதான், நான் அதுவரை அவர் பெயரைக் கேட்டதில்லை என்பதை உணர்ந்தேன்.