'மில்' என்னும் சொல்

கோவையில் பிறந்தவர்களுக்கு 'மில்' என்பது ஆங்கிலச் சொல்லாகவே தோன்றாது. எங்கள் வீட்டில் "அப்பா மில்லுக்குப் போயிருக்கிறார்" என்றால் அது பஞ்சு மில்தான். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை இங்கு நூற்பாலை தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த வழக்கு இது. ஆனால் ஆங்கில அகராதி கூறும் முதற்பொருள், தானியம் அரைக்கும் இடம் என்பதே. நூல் நூற்கும் இடத்திற்கு அப்பெயர் வந்தது எங்ஙனம்?

இங்கிலாந்தில் மாவரைக்கும் கல்லை ஆற்றுநீரில் சுழலும் சக்கரம் இயக்கியது. 1771-இல் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பாலையும் நீர்விசையால் ஓடியது. அரைப்பு போயிற்று, சுழற்சியும் பெயரும் நிலைத்தன. பட்டறையில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மிஷினிலும் சுழல்வது பற்களுள்ள வெட்டுக்கருவியே. கூட்டம் நோக்கமின்றிச் சுற்றிவருவதையும் 'மில்' என்னும் வினையால் குறிப்பர். 'ரன் ஆஃப் த மில்' என்பது தரம் பிரிக்காமல் ஆலையிலிருந்து வந்த சரக்கு, அதாவது, சாதாரணமானது.

தமிழிலும் இதே கதைதான். 'ஆலை' என்பது பண்டு கரும்பு பிழியும் பொறி. பின்னர் பஞ்சாலை வந்தது, காற்றாலையும் வந்தது. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் எதையும் பிழிவதில்லை, மின்சாரம் தருகின்றன. ஆயினும் நாம் குழம்புவதில்லை. பக்கத்துச் சொல் பொருளைக் காட்டிவிடுகிறது.

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்த நம்மில் பலர், ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை மனப்பாடம் செய்கிறோம். வேறிடத்தில் அது பொருந்தாதபோது, ஆங்கிலம் நமக்கு வராது என்று ஒதுங்கிவிடுகிறோம். நண்பர்களே, ஒதுங்க வேண்டா. 'ஆலை' நடந்த வழியை அறிந்தவர்க்கு 'மில்' நடந்த வழியும் விளங்கும்.