குறை எந்தப் பக்கம் இழுக்கிறது?

அன்புள்ள தம்பி,

டென்மார்க் ஆய்வுக்கு நீ எழுதிய மறுப்பின் வரைவை இரண்டு முறை படித்தேன். கைப்பேசிக் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா என்று பார்த்த இவ்வளவு பெரிய ஆய்வில் ஓட்டையைக் கண்டதும் உனக்கு வந்த கோபம் புரிகிறது. அது வீணாகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீ பிடித்த குறை உண்மை. 1995 வரை கைப்பேசிச் சந்தா எடுத்தவர்களை, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். நிறுவனங்களின் பெயரிலிருந்த 2,00,507 சந்தாக்களை உண்மையில் யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியாததால் விலக்கிவிட்டார்கள். அந்தப் பயனர்கள் போய்ச் சேர்ந்த இடம் ‘சந்தா இல்லாதோர்’ கூட்டம். அலுவலுக்காக மிக அதிகம் பேசியிருக்கக்கூடியவர்கள் அவர்கள். 1995க்குப் பிறகு கைப்பேசி வாங்கியவர்களும் அதே கூட்டத்தில்தான். 2011இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த தொடர் ஆய்விலும் இதுவே நிலை. ஆனால் ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டு எழுதியிருப்பதை உன் வரைவு சொல்லவில்லை. முதல் பத்தியிலேயே சொல்.

அடுத்து, குறை இருக்கிறது என்பதோடு நிறுத்தாதே. அது விடையை எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் போடு. கைப்பேசி புற்றுநோய் அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒப்பீட்டுக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் ரகசியப் பயனர் என்றால், 2 என்று தெரிய வேண்டிய விகிதம் 1.82 என்று தெரியும். இரட்டிப்பை மறைக்க அது போதாது. பாதிப் பேர் பயனர்கள் என்றால் 1.33க்கு இறங்கிவிடும். ஆக, நீ உரக்கச் சொன்ன நிறுவனச் சந்தாவைவிட, நீ ஒரே வரியில் கடந்துபோன 1995க்குப் பிந்தைய கலப்படமே பெரிய சிக்கலாக இருக்கலாம். நிறுவனச் சந்தா விலக்கலால் வந்த இழப்பு வேறு: மிக அதிகம் பேசியவர்களைப் பற்றி அந்த ஆய்வால் அதிகம் சொல்ல முடியாமல் போனது. இதனால் ‘ஆபத்து இல்லை’ என்ற முடிவு பலவீனமாகிறது. ‘ஆபத்து உண்டு’ என்று அது நிரூபணமாகிவிடாது.

இதே கண்ணாடியை, உனக்குப் பிடித்த முடிவுக்கும் போட்டுப் பார். 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான இன்டர்ஃபோன் ஆய்வில், பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால் வழக்கமான பயனர்களுக்குக் கிளையோமா மூளைக்கட்டி வரும் விகிதம் 0.81. கைப்பேசி மூளையைக் காக்கிறது என்று யாரும் நம்பவில்லை. ஒப்பீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களில் 53 சதவீதம் பேர்தான் கலந்துகொண்டார்கள்; கைப்பேசி அதிகம் தொடாதவர்களே கூடுதலாக மறுத்ததற்கான அறிகுறிகள் இருந்தன. அதுவே விகிதத்தைக் கீழே இழுத்திருக்கலாம். அதே ஆய்வில், 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களுக்கு 1.40. அவர்களில் சிலர் சொன்ன மணிக்கணக்கு நம்பும்படி இல்லை. 0.81ஐச் சாய்வு என்று தள்ளிவிட்டு 1.40ஐ மட்டும் மேற்கோள் காட்டுகிறாய். அது நியாயமில்லை, தம்பி.

கடைசியாக ஒன்று. என் முதல் மறுப்புக் கடிதத்தில், ஆய்வுக்குப் பணம் தந்தவர்களின் நோக்கத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். பதில் எழுதியவர்கள் அந்த வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொன்னார்கள். நான் கேட்ட கணக்கு பதில் இல்லாமலேயே நின்றுவிட்டது. நிதி எங்கிருந்து வந்தது என்பதைத் தகவலாக எழுது. நோக்கத்தை வாசகரிடம் விட்டுவிடு.

அனுப்புவதற்கு முன் ஆய்வாளர்களுக்கே எழுதி, ஒப்பீட்டுக் கூட்டத்தின் ஆண்டுவாரி எண்ணிக்கையைக் கேள். பதில் வருவதற்குள், எந்த எண் வந்தால் உன் மறுப்பைத் திரும்பப் பெறுவாய் என்று ஒரு தாளில் எழுதிவை. அந்தத் தாளையும் திருத்திய வரைவையும் சேர்த்து எனக்கு அனுப்பு. காத்திருப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்